பாட்டி தலைகீழா வடை சுடுற ஊர்ல பேகன் வீட்டுப் புள்ளைங்களுக்கு என்ன விளையாட்டு?

தங்கச்சி, உங்க கேள்விய நான் இப்படித்தான் புரிஞ்சிக்கிட்டேன். நீங்க மதுரப் பக்கம், கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவுல டர்பன் வந்துட்டீங்க, வீட்டுக்காரர் குடும்பம் பேகன், அதாவது ஐரோப்பாவுல கிறிஸ்தவம் வர்றதுக்கு முன்னாடி இருந்த சாமிங்க, காடு, நெருப்பு, பருவம் இதையெல்லாம் இப்ப திரும்ப எடுத்துக் கும்பிடுறவங்க. உங்களுக்கு அய்யனார் குலதெய்வம். புள்ளைங்க ஒண்ணுக்கு 5 வயசு இன்னொண்ணுக்கு 9. ரெண்டு பக்கத்தையும் பாடம் மாதிரி இல்லாம விளையாட்டா சொல்லிக் குடுக்கணும், ஆனா கெடைக்குற புக்கு எல்லாமே இங்கிலாந்து அமெரிக்கா புக்கு, டிசம்பர்ல பனி கொட்டுதுன்னு படம் போட்டிருக்கு, புள்ள ஜன்னல் வழியா பாத்தா மாங்கா தொங்குது. இதானே?

நான் இங்க வந்து 19 வருஷம் ஆச்சு, ஞாயித்துக்கெழமை புள்ளைங்களுக்குத் தமிழ் வகுப்பு எடுக்குறேன். என் நாத்தனார் கட்டிக்கிட்டதும் ஒரு பேகன் மனுஷனத்தான், அவ புள்ளைங்க ரெண்டும் சனி ஞாயிறு எங்க வீட்டுலதான் கெடக்குங்க. அதனால செஞ்சு பாத்ததத்தான் சொல்றேன், புக்குல படிச்சத இல்ல.

மொதல்ல அந்த புக்க பரண்ல தூக்கிப் போடுங்க, இல்லன்னா தலைகீழா வச்சுப் படிங்க. பேகன்காரங்க வருஷத்துக்கு எட்டு திருவிழான்னு ஒரு சக்கரம் வச்சிருக்காங்கல்ல, அது ஏதோ ஆயிரக்கணக்கான வருஷமா மாறாம வந்த சாஸ்திரம்னு நெனைச்சு பயப்பட வேணாம். அதுல உள்ள சில பண்டிகை ரொம்பப் பழசு, ஆனா எட்டும் சேந்த அந்தச் சக்கரம் 1950கள்ல இங்கிலாந்துல உருவானது, மேபன்னு ஒரு பண்டிகைக்குப் பேரே 1970கள்ல அமெரிக்காவுல ஒருத்தர் வச்சது. அப்ப இங்க பருவம் நேர் எதிரா வர்றதால நாம ஆறு மாசம் தள்ளி வச்சா ஒண்ணும் சாமி குத்தம் ஆயிடாது, இங்க தென்னாப்பிரிக்காவுல நெறைய பேகன் குடும்பம் அப்படித்தான் வச்சிருக்கு. யூல் ஜூன் 21 வாக்குல, ஏன்னா நமக்கு அன்னைக்குத்தான் ராத்திரி ரொம்ப நீளம். முன்னோர நெனைக்குற சவ்இன் ஏப்ரல் கடைசி. கோடைய வரவேக்குற பெல்டேன் அக்டோபர் கடைசி. இம்போல்க் ஆகஸ்ட் மொதல் தேதி வாக்குல, பாத்தீங்களா, அதான் நம்ம ஆடி மாசம், மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துற நேரம், இங்க உள்ள நம்மாளுங்க பாரிட்ஜ் ப்ரேயர்னு சொல்றாங்கல்ல அது. இம்போல்க் பிரிஜிட்ங்குற நெருப்புத் தேவதையோட நாளு. ஒரே வாரத்துல ரெண்டு அம்மனுக்கும் சேத்து ஒரே அடுப்புல கூழ் காய்ச்சிறலாம், நாங்க அப்படித்தான் பண்றோம், புள்ளைங்க கையில ஆளுக்கொரு மரக்கரண்டி.

புள்ளைங்களுக்குப் புடிச்ச மொத விளையாட்டு நிலாதான். நம்ம ஊர்ல நிலாவுல பாட்டி வடை சுடுறாங்கன்னு சொல்லித்தானே சோறு ஊட்டுவோம்? நாத்தனார் பொண்ணு நாலு வயசுல பௌர்ணமி அன்னைக்கு மொட்டை மாடியில என் மடியில ஒக்காந்துக்கிட்டு, நான் செல்போன்ல காமிச்ச ஊர்ப்பக்கத்து நிலாப் படத்தையும் மேல இருக்குற நிலாவையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "அத்தை, இங்க பாட்டி கவுந்து கெடக்காங்க, எண்ணெ கொட்டிராதா?"ன்னு கேட்டா. எனக்கே அன்னைக்குத்தான் ஒறைச்சது. பூமியோட இந்தப் பக்கம் நின்னு பாக்குறதால நிலா நமக்குத் திரும்பித் தெரியுது. அதவிட பெரிய விஷயம் பிறை. இங்கிலாந்துக்காரங்க புக்குல வளர்பிறைக்கு வலது பக்கம் வெளிச்சம் போட்டிருக்கும். இங்க வளர்பிறை இடது பக்கம்தான் வெளிச்சம், இங்கிலீஷ் சி எழுத்து மாதிரி. மதுரையில சாயங்காலப் பிறை பெரும்பாலும் தோணி மாதிரி படுத்துக் கெடக்கும், நீங்க பாத்திருப்பீங்க. ஒரே பிறை மூணு ஊர்ல மூணு மாதிரி.

இதுக்கு விளையாட்டு என்னன்னா ஒரு மாசம் பூரா ராத்திரி பாத்து ஒரு தோசைய அந்த வடிவத்துல கடிச்சு வைக்கணும். ஆமா, தோசைதான். காகிதத்துல வரையச் சொன்னா மூணாம் நாள் மறந்துரும்ங்க, தோசைன்னா மறக்காது. தேய்பிறை லேட்டாத்தான் வரும், அத காலைல பள்ளிக்கூடம் போறப்ப வானத்துல பாத்துட்டு வந்து சாயங்காலம் கடிக்கலாம். மாசக் கடைசியில அந்த இங்கிலாந்து புக்க எடுத்து 9 வயசுக்காரங்கிட்ட குடுத்து இதுல எத்தன படம் நம்ம வானத்துக்குத் தப்புன்னு கேளுங்க. பெரியவங்க அச்சடிச்ச புக்குல தப்பு கண்டுபுடிக்குறதுன்னா அந்த வயசுக்கு அல்வா.

அடுத்தது குச்சி. ஒரு மீட்டர் நீளக் குச்சி ஒண்ண தோட்டத்துல நேரா நட்டு உச்சி வேளையில நெழல அளக்கணும், மாசத்துல ஒரு நாள் போதும், நெழல் முடியுற எடத்துல ஒரு கூழாங்கல்லு. டர்பன்ல ஜூன் 21 வாக்குல அந்த நெழல் 1 மீட்டர் 34 சென்டிமீட்டர் கிட்ட வரும், டிசம்பர் 21 வாக்குல வெறும் 11 சென்டிமீட்டர். ஒரு வருஷம் முடிஞ்சா கல்லு வரிசை தன்னால ஒரு காலண்டர் ஆயிரும். யூல்னா சூரியன் திரும்புற நாளுன்னு வாயால நூறு தடவ சொல்றதுக்கு அந்தக் கல்லு திரும்பி வர ஆரம்பிக்குறத அவனே பாக்கட்டும். எங்க வீட்டுல மொத வருஷம் மார்ச்சு மாசக் கல்ல தோட்டக்காரர் குப்பைன்னு பெருக்கித் தள்ளிட்டார், சின்னவன் அழுத அழுகை இருக்கே. கல்லுக்கு மஞ்ச பெயிண்ட் அடிச்சு வைங்க.

அந்த நெழல் எப்பவும் தெக்க பாத்துத்தான் விழும், ஏன்னா இங்க சூரியன் கெழக்குல கெளம்பி வடக்கு வழியாத்தான் மேக்க போகும். இதுல இருந்துதான் உங்க வீட்டுல வரப்போற பெரிய சண்டை. பேகன் பூசையில வட்டம் போட்டு சூரியன் போற பக்கமா சுத்துவாங்க. இங்கிலாந்துல அது கடிகாரம் சுத்துற பக்கம். இங்க சூரியனப் பாத்து நின்னா அது வலமிருந்து இடமா போகுது, அதனால இங்க நெறைய பேரு கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுத்துறாங்க. நம்ம கோயில்ல பிரதட்சணம் எங்க போனாலும் வலமாத்தான். என் நாத்தனார் மகன் வெள்ளிக்கெழமை அம்மாகூட கோயில்ல ஒரு பக்கம் சுத்திட்டு சனிக்கெழமை அப்பாகூட எதிர்ப்பக்கம் சுத்திட்டு வந்து, "ரெண்டுல எது ரிவர்ஸ்?"ன்னு கேட்டான். நான் பதில் சொல்லல. ஒரு ஆரஞ்சுப்பழம், ஒரு டார்ச்சு, ரெண்டு கிராம்பு. மதுரைக்கு ஒரு கிராம்பு, டர்பனுக்கு ஒரு கிராம்பு குத்தி ஆரஞ்ச மெதுவா உருட்டச் சொன்னேன். டார்ச்சு ஒரே எடத்துலதான் இருக்கு, பாக்குற கிராம்புதான் வேற வேற. அர மணி நேரம் உருட்டிக்கிட்டே இருந்துட்டு பழத்த உரிச்சுத் தின்னுட்டான், கிராம்பு வாசம் அடிக்குதுன்னு கம்ப்ளெய்ண்ட் வேற.

திசைய வச்சே இன்னொண்ணு. பேகன்ல நாலு திசைக்கு நாலு பூதம், நடுவுல ஆன்மா, கிட்டத்தட்ட நம்ம பஞ்சபூதந்தான். அவங்க பழைய முறையில வடக்கு மண்ணு, கெழக்கு காத்து, தெக்கு நெருப்பு, மேக்கு தண்ணி. தெக்கால உள்ள நாட்டுல இருக்குறவங்க வெயில் வர்ற வடக்குக்கு நெருப்ப மாத்திக்கிறாங்க. டர்பன்ல கடல் கெழக்க இருக்குறப்ப தண்ணிய எதுக்கு மேக்க வைக்கணும்னு என் நாத்தனார் வீட்டுக்காரர் அதையும் மாத்திட்டார், எனக்கு அந்த மனுஷங்கிட்ட புடிச்சதே அதான். விளையாட்டு ரொம்ப ஈஸி, நடுவுல ஒருத்தர் நின்னு "தண்ணி!"னு கத்தணும், எல்லாரும் அந்தத் திசைக்கு ஓடணும், கடைசியா வர்றவன் அவுட்டு. பீச்சுல விளையாடுங்க, மாலுக்குள்ள வேணாம்.

பெரியவனுக்கு இதோட சேத்து அஞ்சு திணைய எறக்கி விடலாம், அவன் வயசுக்கு நல்லா ஏறும். குறிஞ்சிக்கு டிராக்கன்ஸ்பர்க் மலை, முல்லைக்கு ஜூலுலாந்து காடு, மருதத்துக்கு டோங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டம், நெய்தலுக்கு வாசல்லயே கடல், பாலைக்கு கரூ. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஷூ டப்பா. எங்க போனாலும் ஒரு பொருள் பொறுக்கிட்டு வந்து அந்தந்த டப்பாவுல போடணும், ஜூன் ஜூலையில சார்டின் மீன் கூட்டம் கரையோரமா வர்றப்ப நெய்தல் டப்பாவுக்கு என்ன போடலாம்னு கேட்டீங்கன்னா மீனையே கொண்டாருவான், அதுக்கு மட்டும் முன்னாடியே தடை போட்டுருங்க. குறிஞ்சிக்கு முருகன், முல்லைக்கு மாயோன்னு நிலத்துக்கு ஒரு சாமி இருந்ததச் சொல்றப்ப அவன் அப்பா வீட்டு ஆளுங்க சொல்ற காட்டுச் சாமி ஆத்துச் சாமியெல்லாம் வேத்து கிரகத்து விஷயமா தெரியாது. அய்யனாருக்கு மண்குதிரை செஞ்சு வைக்குற பழக்கத்தையும் இதுலயே கோத்து விடுங்க, களிமண்ணு, ஒரு வாளித் தண்ணி, சாயங்காலம் குளிப்பாட்ட ஒரு ஆளு, இவ்வளவுதான் வேணும்.

பலகை விளையாட்ட விட்டுறாதீங்க. என்ன கேட்டா மழை நாளுக்கு இதவிட நல்ல பாடம் கெடையாது. ஐரோப்பாவுல நைன் மென்ஸ் மாரிஸ்னு ஒரு பழைய ஆட்டம், கட்டத்துக்குள்ள கட்டம், ஆளுக்கு 9 காய், மூணு காய் வரிசையா வந்தா எதிராளி காய் ஒண்ண எடுத்துரலாம். இங்கிலாந்துல பழைய பெரிய சர்ச்சு மண்டபத்துக் கல்லு பெஞ்சுலகூட கீறி வச்சு விளையாடிருக்காங்க. அதே ஆட்டத்தோட அண்ணன்தான் இங்க உள்ள மொராபராபா, ஆளுக்கு 12 காய், காய்க்குப் பேரு மாடு, மூணு சேந்தா எதிராளி மாட்ட சுட்டுறலாம். இப்ப நம்ம பல்லாங்குழிக்கு வாங்க, 14 குழி, ஒரு குழியில நாலு முத்து சேந்தா அதுக்குப் பேரு என்ன? பசு! அத நான் சொன்னதும் எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற ஜூலு அம்மா சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. அவங்க பேரன் எங்க புள்ளைங்களுக்கு மொராபராபா சொல்லிக் குடுத்தான், எங்க மாமியார் அவனுக்கு ஆடுபுலி ஆட்டம் சொல்லிக் குடுத்தாங்க, ஒரே மத்தியானத்துல அவன் மூணு புலியையும் அடைச்சுட்டான், மாமியாருக்கு ரெண்டு நாள் மூஞ்சி சரியில்ல. பல்லாங்குழிக்கு சோழி, புளியங்கொட்டை கெடைக்கலன்னா உருண்டைக் கல்லு போதும், மரப்பலகைகூட வேணாம், முட்டை வாங்குற அட்டை டப்பாங்கள 14 குழி வர்ற மாதிரி வெட்டி ஒட்டுனா ரெடி.

பெல்டேனுக்கு அவங்க மேபோல்னு ஒரு கம்பம் நட்டு ரிப்பனப் புடிச்சுக்கிட்டு சுத்தி ஆடுவாங்க. அத மொத தடவ பாத்தப்ப எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு, இது நம்ம பின்னல் கோலாட்டமாச்சேன்னு. மேல இருந்து கயிறு தொங்கும், பாதிப் பேரு ஒரு பக்கம் பாதிப் பேரு எதிர்ப்பக்கம், ஒருத்தரத் தாண்டறப்ப மேல, அடுத்தவரத் தாண்டறப்ப கீழ, சடை பின்னுன மாதிரி வரும், திரும்ப அப்படியே பின்னாடி ஆடிப் பிரிக்கணும். நம்ம ஊர்ல உத்தரத்துல கட்டுவோம், அவங்க கம்பத்துல கட்டுறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். ஆளு ரெட்டைப்படையில இருக்கணும், இத நான் ஏழு புள்ளைங்கள வச்சு ஆரம்பிச்சு கத்துக்கிட்டேன், ஏழாவது பய கம்பத்தோட கட்டுப்பட்டு நின்னான். ரிப்பன் கம்பத்து ஒசரத்தவிட ஒன்னரை மடங்கு நீளம் வேணும், கடையில வாங்காதீங்க, பழைய வாயில் சேலைய நீளவாக்குல கிழிங்க. பெல்டேனும் தீபாவளியும் முன்ன பின்ன ஒட்டித்தான் வரும், அதனால அக்டோபர் லீவுல இருந்தே பழகலாம். இதுல மேல கீழன்னு மாறி மாறிப் போறதுதான் கணக்கு, 5 வயசுக்கு அது ஒண்ணு போதும்.

யூலுக்கு ஒரே ஒரு வேலை சொல்றேன், ஆனா கஷ்டம், விடியக்காலம் எந்திரிக்கணும். ஜூன் கடைசியில காலைல அஞ்சரைக்குள்ள பீச்சுக்குப் போனீங்கன்னா வடகிழக்குல கடலுக்கு மேல கொத்தா நட்சத்திரம் தெரியும், அதான் கார்த்திகை. முருகன வளத்த ஆறு பொண்ணுங்க கதைய அங்கயே மணல்ல ஒக்காந்து சொல்லலாம். இதே நட்சத்திரத்த இங்க ஜூலு, கோசா ஆளுங்க இசிலிமேலான்னு சொல்றாங்க, வயல் கொத்துற காலம் வருதுன்னு சொல்ற நட்சத்திரம், கோசா பாஷையில ஜூன் மாசத்துக்குப் பேரே அதுதான். ஐரோப்பாவுல ஏழு அக்கா தங்கச்சின்னு கதை. சின்னதுங்கள எண்ணச் சொல்லுங்க, ஒருத்தன் ஆறும்பான் ஒருத்தி ஏழும்பா, சண்டைய தீத்து வைக்காதீங்க. கொஞ்ச நேரத்துல சூரியன் வரும், ஆறே முக்கால் தாண்டித்தான் வரும் அந்த சீசன்ல, ஃபிளாஸ்க்குல சூடா பால் எடுத்துட்டுப் போங்க.

சவ்இன் நம்ம அமாவாசை தர்ப்பணம் மாதிரின்னு வச்சுக்கோங்க, பூசணியும் ஏப்ரல் மே மாசந்தான் இங்க நல்லா கெடைக்கும், குடைஞ்சு விளக்கு வைக்கலாம். பூதம் பேயின்னு பயமுறுத்துறது எனக்குப் புடிக்காது. நாங்க போட்டோ சீட்டு விளையாடுவோம், தாத்தா பாட்டி போட்டோவ ரெண்டு ரெண்டு பிரிண்ட் போட்டு கவுத்து வச்சு ஜோடி சேக்கணும், சேத்தவங்க அந்த ஆளப் பத்தி ஒரு கதை சொல்லணும், தெரியலன்னா பெரியவங்களுக்குப் போன் போட்டுக் கேக்கணும். என் மாமியார் பக்கம் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா வந்த குடும்பம். 1860 நவம்பர் 16ல ட்ரூரோங்குற மொத கப்பல் மெட்ராஸ்ல இருந்து வந்து டர்பன்ல நின்னுச்சு, 1911 வரைக்கும் ஒன்னரை லட்சம் பேருக்கு மேல வந்தாங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒரு காலனி நம்பர் குடுத்தாங்க. மாமியாரோட பாட்டி நம்பர் எங்ககிட்ட இருக்கு. நாத்தனார் பொண்ணு அந்த நம்பர விளக்குக்குக் கீழ கோலமாவுல எழுதுறா, யாரும் சொல்லிக் குடுக்கல.

நவராத்திரி கொலுவையும் அவங்க வைக்குற பருவ மேடையையும் ஒண்ணாக்கிரலாம், செப்டம்பர்ல ஓஸ்தாராங்குற வசந்தப் பண்டிகை முடிஞ்ச கையோட நவராத்திரி வந்துரும், வெங்காயத் தோலும் மஞ்சத்தூளும் போட்டு வேக வச்ச கலர் முட்டைய கொலுப்படியில வைக்கலாமான்னு மாமியாருக்கும் நாத்தனாருக்கும் ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு, கடைசியில களிமண் முட்டைன்னு முடிவாச்சு. பழம் வச்சா ஜன்னல சாத்துங்க, எங்க ஏரியா குரங்கு மூணு வருஷமா எங்க நைவேத்தியத்தத்தான் தின்னு வளருது.

செடி விஷயத்துல மட்டும் நான் ரொம்பக் கறார். இலை பறிச்சு வாசம் பாக்குற விளையாட்டு நல்லதுதான், துளசி, கற்பூரவல்லி, ரோஸ்மேரி, இங்க உள்ளவங்க முன்னோருக்குப் புகை போடுற இம்பேப்போ, கண்ணக் கட்டிக்கிட்டு எது எதுன்னு சொல்லணும். ஆனா சிரிங்கா மரம் இங்க தெருவெல்லாம் இருக்கு, பாக்க நம்ம வேம்பு மாதிரியே இருக்கும், அது மலைவேம்பு. வேப்பிலை கெடைக்காதப்ப நெறைய பேரு மாரியம்மனுக்கு அதத்தான் கட்டுறாங்க. அதோட மஞ்சக் காய் விஷம், புள்ள வாயில போட்டா நேரா ஆஸ்பத்திரிதான். அரளி, ஊமத்தையும் அப்படித்தான். சூனியக்காரி மூலிகைன்னு படம் போட்ட புக்கு எதையும் சின்னவ கையில குடுக்காதீங்க. மெழுகுவத்திக்கு 5 வயசு வரைக்கும் பேட்டரி விளக்கு போதும்.

அந்த சூனியக்காரிங்குற வார்த்தை இருக்கே, அதுக்கு ஒண்ணு சொல்லணும். நாத்தனார் மகன் பள்ளிக்கூடத்துல எங்க அப்பா விட்ச்சுன்னு பெருமையா சொல்லிட்டு வந்துட்டான். இங்கிலாந்துல சொன்னா சிரிச்சிட்டுப் போவாங்க. இந்த நாட்டுல அந்த வார்த்தையால வயசான பொம்பளைங்கள வீட்டோட கொளுத்திருக்காங்க, ஒருத்தர அப்படிக் குத்தம் சொல்றதுக்கும் தன்னை அப்படிச் சொல்லிக்கிறதுக்கும் சேத்தே 1957ல சட்டம் போட்டிருக்காங்க. கூடப் படிக்குற புள்ளைங்க ரெண்டு வாரம் அவன் பக்கத்துல ஒக்காரல. அதுக்கப்புறம் வீட்டுல ஒரு நாடகம் வச்சோம், ஒருத்தர் டீச்சர், ஒருத்தர் க்ளாஸ்மேட்டு, ஒருத்தர் வம்புக்கு இழுக்குற பய, "நீங்க என்ன சாமி கும்புடுறீங்க?"ன்னு கேட்டா என்ன சொல்லணும்னு மாத்தி மாத்தி நடிக்கணும். பேகன்ங்குற வார்த்தைக்கு லத்தீன்ல கிராமத்தான், பட்டிக்காட்டான்னுதான் அர்த்தம்னு நான் சொன்னதும் பய புடிச்சிக்கிட்டான். இப்ப யாராவது கேட்டா, "எங்க அப்பா வீடும் பட்டிக்காட்டுச் சாமி, எங்க அம்மா வீடும் பட்டிக்காட்டுச் சாமி"ங்குறான். நாத்தனாருக்குக் கோவம், எனக்கென்னவோ சரியாத்தான் படுது.

எட்டு பண்டிகைக்கும் எட்டு ஏற்பாடுன்னு ஆரம்பிக்காதீங்க, மொத வருஷம் குச்சியும் தோசையும் மட்டும் போதும். இந்த மாசம் அமாவாசை முடிஞ்ச மூணாம் நாள் சாயங்காலம் மேக்க பாருங்க, தோசைக்கல்லு சூடாகுறப்ப புள்ளைங்களக் கூப்பிடுங்க, மொத தோசைய இடது பக்கம் மெல்லிசா விட்டுட்டு மிச்சத்தக் கடிக்கணும்.